ஒக்டோபர் 30 நமக்கு ஒரு நினைவு மட்டும்தானா?

 

பதிவு கொஞ்சம் நீளம். இரண்டு தரமாகப் பிரித்தாவது முழுக்க வாசித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

போன மாதம் நாங்கள், இந்தப் பகுதியில் படிப்பிக்கும் சில ஆசிரியர்கள் சேர்ந்து, ஒரு சின்ன வேண்டுகோள் போட்டிருந்தோம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பெயர், படம், கடிதம் எது உங்கள் வீட்டில் இருந்தாலும் காட்டுங்கள், பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று கேட்டோம். மூன்று படங்கள் வந்தன. புத்திமதிகள் அதைவிட நிறைய வந்தன. அவற்றைச் சுருக்கினால் நான்கு:

“போனவங்க போயிட்டாங்க. இப்ப ஏன் ஸேர் அதக் கிண்டுறீங்க?”

“அவங்க விரும்பித்தானே சொந்த நாட்டுக்குப் போனாங்க?”

“அது தமிழ் ஆக்கள்ட விசயம். நம்மட பிரச்சினையே தலைக்கு மேல கிடக்கு.”

“அதுக்குத்தான் மலையக அமைப்புகள் இருக்கே. அவங்க செய்வாங்க.”

சொன்னவர்கள் எல்லோரும் நமக்குத் தெரிந்தவர்கள், மரியாதைக்குரிய நானாமார். அதனால் பெயர் சொல்லாமல், நான்குக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறோம். கோபம் வந்தால் வரட்டும். பேசாமல் இருப்பதைவிட அது நல்லது.

முதலில் ஒரு திகதியைப் பற்றிப் பேசுவோம்.

ஒக்டோபர் 30 வந்தால் நம் எல்லோருடைய பக்கமும் நிறைந்துவிடும். 1990ஆம் ஆண்டு அதே நாளில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமாகச் சுமார் 75,000 முஸ்லிம்கள் ஊரை இழந்தார்கள். சோனகத் தெருவையும் ஒஸ்மானியாக் கல்லூரியையும் நேரில் பார்த்திராத நம் பிள்ளைகள்கூட அந்த நாளில் பதிவு போடுகிறார்கள். நல்ல விசயம். போடத்தான் வேண்டும். “நாங்கள் இல்லாமல் யாழ்ப்பாணத்தின் வரலாற்றை எழுதாதீர்கள்” என்று தமிழ்ச் சகோதரர்களிடம் உரத்துக் கேட்கிறோமே, அது நியாயமான கேள்வி.

இப்போது அதே திகதியை இருபத்தாறு வருடம் பின்னால் தள்ளிப் பாருங்கள். 1964 ஒக்டோபர் 30. புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்தோர் 975,000 பேர் என்று கணக்கு வைத்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரைப் பிறகு பேசுவோம் என்று வைத்துவிட்டார்கள். பிறகு 1974இல் பேசி, ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பேசிய மேசையில் அந்த மக்களில் ஒருவரும் இல்லை.

அந்த எண்ணிக்கைக்குள் கனேபல்லயும் பனாவத்தயும் கிரிபோருவையும் வீஓயாவும் இருந்தன. நம் டவுனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் தோட்டங்கள். ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்துக்காக அழும் நம் ஊரில், அதே நாளில் நம் மலைகளுக்காக ஒரு வரி எழுதியவர் எத்தனை பேர்? தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இனி முதலாவது புத்திமதி. போனவர்கள் போய்விட்டார்கள், கிண்டுவது ஏன்?

களனிப் பள்ளத்தாக்கின் சின்னக் கோச்சிப் படத்தை இதே ஊர்ப் பக்கங்களில் எத்தனை தரம் பகிர்ந்திருப்பீர்கள்! 1903இல் பாதை யட்டியாந்தோட்டைக்கு வந்தது, 1942இல் அவிசாவளைக்கு மேலே உள்ள துண்டை மூடிவிட்டார்கள் என்று எல்லோருக்கும் மனப்பாடம். “அந்தக் காலம் திரும்ப வருமா” என்று ஏக்கத்தோடு எழுதுகிறீர்கள். அதை ஒருவரும் கிண்டுவது என்று சொல்வதில்லை. முப்பத்தொன்பது வருடம் ஓடிய ஒரு கோச்சியை நினைப்பது ஏக்கம். அந்தக் கோச்சி ஏற்றிப் போன றப்பரையும் தேயிலையையும் நூறு வருடத்துக்கு மேல் உண்டாக்கிய மனிதர்களை நினைப்பது மட்டும் எப்படிக் கிண்டலாகும்?

இந்த ஊரின் கடைத்தெரு எப்படி உண்டானது என்று நம் மூத்தவர்களைக் கேளுங்கள். விடியற்காலையில் றப்பர் மலையில் ஏறி, பட்டையைச் சாய்வாகச் சீவி, சிரட்டையில் சொட்டும் பாலை வாளியில் சேர்த்து ஸ்டோரில் கொடுத்து, ஒட்டுப்பாலைச் சுரண்டிக் கூடையில் போட்டுக்கொண்டு இறங்கிய பெண்கள் சம்பள நாளில் வந்து நின்றது நம் கடைகளின் முன்னால்தான். அரிசி, கருவாடு, சீத்தைத் துணி, தாலிக்கொடிக்கு அடகு எல்லாம் இங்கேதான். அந்தக் கடன் கொப்பிகளில்தான் நம்மில் பல குடும்பங்களின் வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள், ஹஜ்ஜுக்குப் போனார்கள். ஹலாலான வியாபாரம். ஒருவரும் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளரின் பணத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரை மறப்பது நன்றிகெட்டதனம். அதற்கு வேறு சொல் கிடையாது.

இரண்டாவது புத்திமதி. விரும்பித்தானே போனார்கள்?

பெரிய பொய் இதுதான். சொல்பவர் தெரியாமல் சொல்லலாம், பொய் பொய்தான். விண்ணப்பம் கோரியபோது இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு எழுதியவர்கள் சுமார் 7 இலட்சம். இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் சுமார் 4 இலட்சம். ஒப்பந்தம் இலங்கைக்கென்று ஒதுக்கியது 3 இலட்சம். பெரும்பான்மையோர் இங்கேயே இருக்கத்தான் கேட்டார்கள். இடம் வைக்கவில்லை. ஏழு பேர் ஏறக் கேட்ட வண்டியில் மூன்று ஆசனம் போட்டுவிட்டு, மற்ற நான்கு பேரும் விரும்பித்தான் நடந்து போனார்கள் என்று சொல்வதுபோல இருக்கிறது இது.

“இந்தியா கேட்டவங்களும் இருந்தாங்கதானே?” இருந்தார்கள். ஏன் கேட்டார்கள் என்றும் பாருங்கள். 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. வாக்கு இல்லாதவனுடைய லயத்துக்குக் கூரை போட எந்த அரசியல்வாதி வருவான்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் கை மாறின. அதே காலத்தில், 1973–74இல், தோட்டங்களில் பஞ்சம் வந்து மக்கள் பட்டினியால் செத்தார்கள். 1977 ஓகஸ்டில் கலவரம் வந்தது. சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. இந்தியாவுக்குப் போகாத சிலர் அப்போது வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அங்கே என்ன நடந்தது என்று 2009 வரைக்கும் நமக்குத் தெரியும். வயிற்றிலும் முதுகிலும் அடித்துவிட்டுக் கதவைத் திறந்து காட்டினால், அந்தக் கதவால் வெளியே போனவனை “விரும்பிப் போனான்” என்று எழுதுவீர்களா?

இருக்கத்தான் விரும்பினார்கள் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. கேகாலை மாவட்டம், உந்துகொடைப் பக்கம் நேவ்ஸ்மயர் தோட்டம். தோட்ட மக்கள் உருளவள்ளி என்பார்கள். கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டு, தொழிலாளர்களை லயங்களைவிட்டு வெளியேறச் சொன்னது. 1946இல் அவர்கள் மாட்டோம் என்றார்கள். அத்துமீறிக் குடியிருப்பதாக வழக்குப் போட்டார்கள். மாவட்டத்துத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஒரு தொழிலாளியின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1950இல் அவர் பக்கமே முடிந்தது. தான் குடியிருந்த வீட்டை விடாமல் இருப்பதே ஒருவரின் நோக்கமானால், பிறரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு புகுந்த குற்றவாளியாக அவரைக் கருத முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஒரு லயத்துக் காம்பராவை வீடு என்று உலகத்தின் பெரிய நீதிமன்றங்களில் ஒன்று ஏற்றுக்கொண்டது. நம் மாவட்டத்தில் நடந்த இந்தக் கதையை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

கிராமத்துச் சிங்கள மக்களுக்கும் அன்று காணிப் பசி இருந்தது. வெள்ளைக்காரன் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அவர்களின் காட்டையும் சேனையையும் எடுத்துக்கொண்டதிலிருந்து வந்த பசி அது. அதையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டு ஏழைகளை ஒரு துண்டுக் காணிக்காக மோதவிட்ட கதை இது. யாரையும் வில்லனாக்கிக் கைதட்டு வாங்க நாங்கள் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1964இல் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது நம் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் கலாநிதி என். எம். பெரேரா. அந்த அரசாங்கத்தின் நிதியமைச்சரும் அவர்தான். 1934–35 மலேரியாக் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் பருப்புக் கொடுத்து உயிர் காத்ததற்காக அவரை “பரிப்பு மஹத்தயா” என்று சனங்கள் அழைத்தார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தை அவருடைய கட்சி எதிர்த்தது. அதே மனிதர் இருந்த அமைச்சரவைதான் இவர்களை எண்ணிப் பிரித்தது. அவருக்குச் சிலை வைக்கலாம், தெருவுக்குப் பெயர் வைக்கலாம். பருப்பை எழுதும் இடத்தில் ஒப்பந்தத்தையும் எழுதுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

“சொந்த நாட்டுக்கு” என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். அதையும் விட முடியாது. தமிழ்நாட்டு அரசாங்கம் இவர்களுக்கு வைத்த பெயர் “தாயகம் திரும்பியோர்”. திரும்புவது என்றால் முன்பு அங்கே இருந்திருக்க வேண்டும். போனவர்களில் பெரும்பாலோர் இங்கே பிறந்தவர்கள். பலருடைய தகப்பனும் பாட்டனும் இங்கே பிறந்தவர்கள். கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு யாரும் விரும்பாத ஏதோ ஒரு குளிர் மலை. நம்மூரில் கோச்சி இல்லாததால் பஸ்ஸிலும் லொறியிலும் போய்த்தான் கோச்சி பிடித்தார்கள். அந்தக் கோச்சிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். சொந்த வீட்டுக்குப் போகிறவன் எதற்காக ஒப்பாரி வைக்கிறான்?

1984இல் யுத்தம் கப்பலை நிறுத்தும் வரைக்கும் இது நடந்தது. பிள்ளைகளோடு சேர்த்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி, அரசுத் தேயிலைத் தோட்டங்கள். பால் வெட்டத் தெரிந்தவர்கள் கர்நாடகாவில் சுள்ளியா, புத்தூர் பக்கமும் கேரளாவில் புனலூர் பக்கமும் றப்பர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். இங்கே “இந்தியாக்காரன்”, “கள்ளத்தோணி”. அங்கே “சிலோன்காரன்”. அங்கே போய் ஐம்பது வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

மூன்றாவது புத்திமதி. தமிழ் ஆட்களின் விசயம், நமக்கென்ன?

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைச் சரியாக வாசியுங்கள். இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். கடலுக்கு அப்பாலிருந்து வந்து கடை போட்டவர்களும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் விண்ணப்பப் படிவத்தோடு வரிசையில் நின்றார்கள். அவர்களில் கலிமாச் சொன்னவர்களும் இருந்தார்கள். சட்டம் தோட்டத்தோடு நிற்கவில்லை, கடைத்தெருவுக்கும் வந்தது.

அப்படி வந்திராவிட்டாலும் பதில் மாறாது. அநியாயத்தைப் பார்த்தவன் சாட்சி சொல்ல வேண்டும் என்பதை நாம் மத்ரஸாவில் முதல் வருடமே படிக்கிறோம். பாதிக்கப்பட்டவன் நம் ஆளா என்று பார்த்துவிட்டுச் சாட்சி சொல்லச் சொல்லி எந்த உஸ்தாதும் படிப்பித்ததில்லை.

இந்த இடத்தில் சிலருக்குப் பிடிக்காத ஓர் உதாரணம் சொல்கிறோம். 1915இல் உஸ்மானிய ஆட்சி ஆர்மீனியக் கிறிஸ்தவர்களை ஊர் ஊராகக் கிளப்பிச் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவிட்டது. இலட்சக்கணக்கில் செத்தார்கள். செய்தது முஸ்லிம் ஆட்சி என்பதற்காக நாம் அதை மூடிவைக்க வேண்டியதில்லை. அன்றே மக்காவின் ஷரீஃப் ஹுஸைன் அந்த அகதிகளைக் காப்பாற்றும்படி தன் ஆட்களுக்குக் கடிதம் எழுதினார். அலெப்போவில் முஸ்லிம் வீடுகள் அவர்களுக்குக் கதவு திறந்தன. நம் மார்க்கம் எந்தப் பக்கம் நிற்கச் சொல்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தப்பிய ஆர்மீனியர்கள் பெய்ரூத், பாரிஸ், அமெரிக்கா என்று சிதறினார்கள். போன இடத்தில் ஒரே ஊர்க்காரர்கள் சங்கம் வைத்துச் சேர்ந்தார்கள். சேர்ந்து, இல்லாமல் போன ஒவ்வோர் ஊருக்கும் ஒரு புத்தகம் எழுதினார்கள். தங்கள் மொழியில் அதை ஹுஷமத்யான் என்பார்கள், நினைவுப் புத்தகம் என்று பொருள். ஞாபகத்திலிருந்து வரைந்த ஊர்ப்படம், எந்த வீட்டில் யார், எந்தக் கிணறு, எந்தப் பள்ளிக்கூடம், என்ன சமைத்தார்கள், அந்த ஊரில் மட்டும் பேசிய சொற்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். எழுதியவர்கள் பெரிய பேராசிரியர்கள் இல்லை. வாத்திமாரும் பாதிரிமாரும் கடைக்காரர்களும்தான். அவர்களுக்கும் “தாயகம் திரும்பல்” நடந்தது. 1946க்குப் பிறகு சிரியாவிலும் லெபனானிலும் இருந்தவர்களில் பெருந்தொகையினரைச் சோவியத் ஆர்மீனியாவுக்கு அழைத்தார்கள். கண்ணால் பார்த்திராத மண்ணுக்குப் போனார்கள். அங்கேயும் உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து ஒதுக்கினார்கள். கூடலூரில் இருக்கும் நம் சிலோன்காரருக்கு இந்தக் கதையைச் சொன்னால் தன் கதை என்பார்.

எழுதாமல் விட்டால் என்னவாகும் என்பதற்கும் ஆர்மீனியரே உதாரணம். ஒரு காலத்தில் சென்னையில் ஆர்மீனிய வியாபாரிகள் செல்வாக்கோடு இருந்தார்கள். 1772இல் கட்டிய அவர்களின் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அது இருக்கும் தெரு ஆர்மீனியன் தெரு. சனங்களின் வாயில் அது “அரண்மனைக்காரத் தெரு” ஆகிவிட்டது. ஆர்மீனியர் யாரென்று தெரியாமல் போனபோது, காதில் விழுந்த சத்தத்துக்கு ஏற்ப ஓர் அரண்மனையை உண்டாக்கிவிட்டார்கள். நம் மலைகளுக்கும் இதுதான் நடக்கப் போகிறது. கங்காணிமாரின் பெயரில் இருந்த மலைகளை இன்று எண்ணால் அழைக்கிறார்கள். இன்னும் இருபது வருடத்தில் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டால் நம் பேரப்பிள்ளைகள் ஏதாவது ஒரு அரண்மனைக் கதை சொல்வார்கள்.

நான்காவது புத்திமதி. மலையக அமைப்புகள் செய்யும்.

செய்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். 2023இல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். ஆனால் மலையகம் என்றால் நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை. மலையகம் என்றால் தேயிலை, கொழுந்துக் கூடை. படம் வரையச் சொன்னால் நம் பிள்ளைகளே கொழுந்துக் கூடையைத்தான் வரைகிறார்கள். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சின்னச் சின்னத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் றப்பர்த் தோட்டத்து மக்கள் அந்தப் படத்திலும் இல்லை. மறக்கப்பட்டவர்களுக்குள்ளும் மறக்கப்பட்டவர்கள் இவர்கள். ஹட்டனில் இருந்து ஒருவர் வந்து கனேபல்லயின் பழைய குடும்பங்களைத் தேடி எழுதுவார் என்று காத்திருக்கலாம். அவருக்குச் சொல்லக்கூடிய நம் மூத்தவர்கள் அதுவரைக்கும் இருக்கமாட்டார்கள்.

இவ்வளவும் இப்போது எதற்காக? மூன்று காரணம்.

ஒன்று, ஆவணம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது பழைய சேர்விடாப்புகளும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் கூடவே வந்தன. அதிபர்மாருக்குத் தெரியும், சேர்விடாப்பில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், விலாசம், விலகிய திகதி, விலகிய காரணம் என்று நிரல்கள் இருக்கும். ஒரு பாடசாலையில் நாங்கள் பார்த்த இடாப்பில் பக்கத்துக்குப் பக்கம் விலகிய காரணம் ஒரே சொல்: “இந்தியா”. கறையான் அரித்த அந்தப் புத்தகம் களஞ்சிய அறையில் அகற்றும் பொருட்களின் குவியலில் கிடந்தது. பாடசாலையின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதுதான் நிலைமை. ஒரு வகுப்பே காணாமல் போனதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சியத்தைக் கடுதாசி விலைக்குப் போடப் போகிறோமா?

இரண்டு, வயது. 1970களில் பத்து வயதாக இருந்தவர்களில் பலருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அன்று கடையில் நின்று சாமான் நிறுத்துக் கொடுத்த நம் வாப்பாமாரில் எத்தனை பேர் இன்று ஹயாத்தோடு இருக்கிறார்கள்? போன வருடம் மட்டும் இந்த ஊரில் எத்தனை ஜனாஸா தொழுதோம் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று, மண். 2016 மே 17ஆம் திகதியை மறந்திருக்கமாட்டீர்கள். அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் போன அதே நாளில், புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்தில் லயங்களின்மேல் மண் விழுந்து 16 பேர் போனார்கள். அரநாயக்கவை நாடே அறியும். களுபானவை நம் மாவட்டத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. செய்தியில் வந்தது எண். ஒப்பந்தத்திலும் எண். மண்சரிவிலும் எண். இந்த மக்களை எப்போதும் எண்ணித்தான் பார்த்திருக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கே “பேர்” என்று சொல்வார்கள், தெரியும்தானே? முழு வேலைக்கு ஒரு பேர். மழை வந்து இடையில் நின்றால் அரைப் பேர். கணக்கப்பிள்ளை செக்ரோலில் போட்டால்தான் உழைத்தது உழைப்பு. இரண்டு மூன்று தலைமுறையாக இந்த ஊருக்கு உழைத்தவர்களுக்கு ஊர் இன்னும் பேர் போடவில்லை.

ஆகவே கேட்பது இவ்வளவுதான்.

அதிபர்மாரே, பழைய இடாப்புகளை அகற்றும் பட்டியலில் சேர்க்க முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாடசாலையிலேயே வைத்து, உங்கள் முன்னிலையில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்கிறோம். ஒரு தாளும் வெளியே போகாது.

கடைக்கார நானாமாரே, பரணில் கிடக்கும் கடன் கொப்பிகளை எரிக்காதீர்கள். அதில் உள்ள கடனை ஒருவரும் இனி அறவிடப் போவதில்லை. அதில் உள்ள பெயர்தான் வேண்டும். போகும்போது அவர்கள் குறைந்த விலைக்கு விற்றுவிட்டுப் போன, அல்லது “வைச்சிருங்க முதலாளி” என்று சொல்லிவிட்டுப் போன குத்துவிளக்கோ பெட்டியோ அம்மியோ உங்கள் வீட்டில் இருக்கலாம். அது யாருடையது என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிவையுங்கள். திருப்பிக் கொடுக்க முடியாத அமானிதத்துக்கு அதுவாவது செய்ய வேண்டும்.

தோட்டங்களில் இன்றும் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, கூடலூரிலும் சுள்ளியாவிலும் உள்ள உறவுகளோடு வட்ஸ்அப்பில் பேசுகிறீர்கள்தானே. அடுத்த தரம் பேசும்போது மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எந்த லயம்? எந்த வருடம் போனீர்கள்? யாரை விட்டுவிட்டுப் போனீர்கள்? குரல்பதிவாகவே அனுப்பலாம். பெண்களின் பெயரைக் கட்டாயம் கேளுங்கள். பழைய பத்திரங்களில் தகப்பன் பெயரும் புருஷன் பெயரும்தான் இருக்கும், பால் வெட்டியவளின் பெயர் இருக்காது.

றப்பர் மறுநடுகை செய்த இடங்களில் பழைய புதைகுழிகள் இருந்தது தெரிந்தவர்கள் இடத்தைக் காட்டுங்கள். நம் மையவாடிக்கு மதில் கட்ட நாம் எவ்வளவு பாடுபடுகிறோம்! அவர்களுடையதற்கு ஒரு கல்லாவது நட முடியாதா?

சிங்களத்தில் வாசிக்கும் நண்பர்களுக்காக இதே பதிவை மொழிபெயர்த்துத் தர இரண்டு ஆசிரியைகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெரட்டுக்களம், பால் ஸ்டோர், தேர்த் திருவிழா எல்லாம் கிராமத்து அம்மாமாருக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர்களிடமும் போவோம்.

சேர்ப்பதை ஒரு புத்தகமாக்குவோம். தோட்டத்துக்கு ஓர் அத்தியாயம். உயிரோடு இருப்பவர்களின் அடையாள இலக்கமோ விலாசமோ அதில் வராது. சம்மதம் இல்லாமல் ஒரு படமும் போடமாட்டோம். காசு சேர்க்கவும் இல்லை. காசு கேட்டு யாராவது வந்தால் அது நாங்கள் இல்லை.

2003இல் சட்டம் கொண்டுவந்து, இங்கே மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தாகிவிட்டது. போனவர்களுக்கு அரசாங்கம் இனி எதுவும் கொடுக்கப் போவதில்லை. ஊர் கொடுக்கலாம். யாழ்ப்பாணத்திடம் நாம் கேட்பதும் இதைத்தான்: எங்கள் பெயரை உங்கள் ஊரின் கதையில் வையுங்கள் என்று. வாங்கும்போது ஓர் அளவு, கொடுக்கும்போது ஓர் அளவு என்று தராசை மாற்றிப் பிடிக்கும் கடைக்காரனைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

வரும் ஒக்டோபர் 30 அன்று பதிவு போடும்போது இரண்டையும் போடுங்கள். 1990ஐயும் போடுங்கள். 1964ஐயும் போடுங்கள்.

கீழே எழுதுங்கள். சண்டை பிடிப்பதற்கு முன் ஒரே ஒரு பெயர் எழுதிவிட்டுச் சண்டை பிடியுங்கள். உங்கள் தோட்டத்திலிருந்து, உங்கள் கடைக்கு வந்து, உங்கள் வகுப்பில் பக்கத்தில் இருந்து, ஒரு நாள் காலையில் இல்லாமல் போன ஒருவரின் பெயர். முழுப் பெயர் ஞாபகம் இல்லாவிட்டால் கூப்பிட்ட பெயர் போதும்.

வஸ்ஸலாம்.